ஆவிகள் குடிபுக ஆறு வருடம்

1963ஆம் ஆண்டு முதல், கலிஃபோர்னியாவில் ஆனஹைம் நகரத்து டிஸ்னிலேண்டுக்குப் போனவர்கள் அங்கே ஒரு வெள்ளை மாளிகையைப் பார்த்தார்கள். உயர்ந்த தூண்கள், மாடித் தாழ்வாரத்தில் இரும்புப் பூவேலைக் கம்பிகள், கூரை உச்சியில் பாய்மரக் கப்பல் வடிவில் ஒரு காற்றுக்காட்டி. வாசல் கேட் பூட்டியிருந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு பலகை. ஓய்வுக்காலத்தைக் கழிக்க இடம் தேடும் ஆவிகள் இங்கே குடிவர விண்ணப்பிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தார்கள். வாசகத்தை எழுதியவர் மார்ட்டி ஸ்க்லார், பிற்காலத்தில் டிஸ்னி பூங்காக்களின் வடிவமைப்புப் பிரிவுக்கே தலைவரானவர். பலகையைப் படித்த பிள்ளைகள் அடுத்த வருடம் வந்தார்கள், கேட் பூட்டியே இருந்தது. அதற்கடுத்த வருடமும் அப்படித்தான். வீட்டை மட்டும் கட்டி முடித்தாயிற்று. உள்ளே என்ன வைப்பது என்று முடிவாகவில்லை. 1969 ஆகஸ்ட் 9ஆம் தேதிதான் கதவு திறந்தது.

அந்த வீட்டின் பெயர் ஹான்டட் மேன்ஷன். தீம் பார்க் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் வாக்குவாதம் அதில்தான் வந்து நிற்கும். ஓடிய சினிமாவின் பெயரை ஒட்டித்தான் புது ரைடு கட்டுகிறார்கள், சொந்தமாக யோசிப்பதை விட்டுவிட்டார்கள் என்பார் ஒருவர். கதையே இல்லாத பழைய ரைடைக் கொஞ்சம் மாற்றினால் என்ன குடி முழுகிவிடும் என்பார் இன்னொருவர். பழசில் கை வைக்காதே என்பார் மூன்றாமவர். இந்த மேன்ஷன் பிறந்த கதையைப் படித்தால் ஒன்று தெரியும்: இந்த வாக்குவாதங்களில் பாதியை அதைச் செய்தவர்களே செய்யும்போது போட்டிருக்கிறார்கள். அது தீராமலே வீடு திறந்தது. தீராமல் போனதுதான் அந்த வீட்டின் பலம் என்பது என் கட்சி.

டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. அதற்கு நாலு வருடம் முன்பே, 1951இல், பூங்காவுக்காக ஹார்ப்பர் காஃப் வரைந்த படங்களில் ஒன்றில் கோணலான ஒரு தெரு போகிறது. தெருவில் ஒரு தேவாலயம், பக்கத்தில் கல்லறைத் தோட்டம், அதற்கப்பால் மேட்டின் மீது சிதிலமான ஒரு வீடு. அவ்வளவுதான் விதை. 1957இல் கென் ஆண்டர்சன் என்ற ஓவியரிடம் வால்ட் டிஸ்னி அந்தப் பேய் வீட்டை ஒப்படைத்தார். ஆண்டர்சன், பால்டிமோரில் இருந்த ஒரு மாளிகையின் படத்தைப் பழைய புத்தகம் ஒன்றில் கண்டெடுத்து, அதைக் கொடி படர்ந்து, ஜன்னல் உடைந்து, சாயம் உரிந்த வீடாக வரைந்து கொடுத்தார். வால்டுக்குப் பிடிக்கவில்லை. தினமும் கூட்டித் துடைத்துப் பளிச்சென்று வைத்திருக்கும் பூங்காவில் இடிந்த வீடு எதற்கு என்பது அவர் கேள்வி. வெளிப்புறத்தை நாம் நன்றாகப் பார்த்துக்கொள்வோம், உட்புறத்தை ஆவிகள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அவர் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பின் அருமை பிறகுதான் தெரிந்தது. நம் ஊர்ப் பொருட்காட்சியில் போடும் பேய் வீட்டுக்கு வெளிச்சுவரிலேயே கோரைப்பல்லும் ரத்தமும் தீட்டிவிடுவார்கள். உள்ளே போவதற்கு முன்பே எல்லாம் தெரிந்துவிடும். இந்த வீடோ சுத்தமாக, ஒழுங்காக, மூடிக்கிடந்தது. பார்த்தவர் மனசு தானாக உள்ளே போய்த் தேட ஆரம்பித்தது.

ஆண்டர்சன் சும்மா இருக்கவில்லை. சான் ஹோசேயில் உள்ள வின்செஸ்டர் வீட்டைப் போய்ப் பார்த்தார். எங்கேயும் போய்ச் சேராத படிக்கட்டுகளும், திறந்தால் சுவர் நிற்கும் கதவுகளும் கொண்ட அந்த விசித்திர வீடு அவரை உலுக்கியிருக்க வேண்டும். கதைகளாக எழுதிக் குவித்தார். அவற்றில் நிலைத்தது ஒரு கப்பல் தலைவன் கதை: புது மனைவியிடம் தன் கொடிய கடந்த காலத்தை மறைக்கிறான், அது அவளுக்குத் தெரியவந்ததும் அவளைக் கொன்றுவிடுகிறான். அந்தக் கதை பிறகு கைவிடப்பட்டது. கூரை மீது நிற்கும் பாய்மரக் கப்பலை அதன் மிச்சம் என்று நம்பும் ரசிகர்கள் உண்டு.

1959இல் ரோலி கிரம்ப், யேல் கிரேசி என்ற இருவர் உள்ளே வந்தார்கள். இந்தக் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமானவர்கள் இவர்கள்தான். இருவருமே பொறியாளர்கள் கிடையாது, அனிமேஷன் பிரிவிலிருந்து வந்த ஓவியர்கள். கிரேசிக்கு எதையாவது கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில் ஆசை அதிகம். அவர்களுக்கு ஒரு பெரிய அறையைக் கொடுத்து, என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். பேய்க் கதைகளைப் படித்தார்கள், பேய்ப் படங்களைப் பார்த்தார்கள், கண்ணாடி, மோட்டார், புரொஜெக்டர் வைத்து ஆவிகளைச் செய்து பார்த்தார்கள். மாதங்கள் ஓடின. எப்போது முடியும் என்று யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை.

ரோலி கிரம்ப் பின்னாளில் பலமுறை சொன்ன சம்பவம் ஒன்று. இருட்டில் அந்த அறைக்குள் வரப் பயமாக இருக்கிறது, விளக்கைப் போட்டு வைத்துவிட்டுப் போங்கள் என்று இரவில் துப்புரவு செய்பவர்கள் கேட்டுக்கொண்டார்கள். சரியென்று விளக்கைப் போட்டு வைத்த இருவரும், கூடவே அறை நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கற்றையையும் அமைத்துவிட்டுப் போனார்கள். யாராவது அதைக் கடந்தால் விளக்கு அணையும், ஆவிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஆவிகள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கின்றன, தரை நடுவில் ஒரு துடைப்பம் போட்டது போட்டபடி கிடக்கிறது. அதன் பிறகு அந்த அறைக்குள் துப்புரவுக்கு யாரும் வரவில்லை; இவர்களே பெருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தக் கப்பல் தலைவன் கதைக்கும் அவர்கள் ஒரு காட்சியைச் செய்து காட்டினார்கள். நீர் சொட்டச் சொட்ட அவன் உருவம் தோன்றும். மனைவியின் ஆவி அவன் மீது பாயும். அவன் கரைந்து மறைவான். அவன் நின்ற இடத்தில் தரையில் தண்ணீர் மட்டும் தேங்கி நிற்கும். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். ஆனால் அது நடந்து போய்ப் பார்க்கும் காட்சியாக யோசிக்கப்பட்டது. ஒரு கூட்டத்தை நிறுத்தி, காட்டி, அனுப்பிவிட்டு அடுத்த கூட்டத்தை உள்ளே விட வேண்டும். டிஸ்னிலேண்டுக்கு வரும் ஜனத்துக்கு அது கட்டுப்படியாகாது. தீம் பார்க்கில் எவ்வளவு பெரிய கற்பனையானாலும் கடைசியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கில் தேற வேண்டும்.

அதற்குள் நியூயார்க் உலகப் பொருட்காட்சி வந்துவிட்டது. 1964இலும் 1965இலும் நடந்த அந்தப் பொருட்காட்சிக்காக டிஸ்னி நிறுவனம் நாலு காட்சிகளைச் செய்தது. ஆட்கள் எல்லோரும் அங்கே போனதால் ஆனஹைம் மாளிகை காலியாகக் கிடந்தது. ஆனால் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. இடைவிடாமல் நகரும் வாகனத்தில் ஜனங்களை ஏற்றி ஆயிரக்கணக்கில் காட்சிக்குள் அனுப்பும் பழக்கம் அங்கேதான் கைவந்தது. மெழுகுச்சிலைக் கூடமாகத் திட்டமிட்டிருந்த பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் அதனால்தான் படகுச் சவாரியாக மாறி 1967 மார்ச்சில் திறந்தது.

மேன்ஷனுக்குப் படகு ஒத்துவரவில்லை. பாப் கர் உருவாக்கிய வேறு வாகனம் கிடைத்தது. ஆம்னிமூவர் என்று பெயர். ஒரே சங்கிலியில் கோத்தது போல நூற்றுக்கும் மேற்பட்ட வண்டிகள் நிற்காமல் ஓடும். ஒவ்வொன்றும் சிப்பி மாதிரி பின்புறமும் பக்கங்களும் மூடியது. உட்கார்ந்தால் முன்னும் பின்னும் வருகிறவர்கள் தெரிய மாட்டார்கள். ஓடிக்கொண்டே வண்டி இடம் வலமாகத் திரும்பும், பின்னோக்கியும் சாயும். எந்த இடத்தில் நீங்கள் எதைப் பார்க்க வேண்டும் என்று வண்டியே உங்களைத் திருப்பிவிடுகிறது. கேமராவை எங்கே திருப்புவது என்று வாழ்நாள் முழுக்க யோசித்தவர்கள் கையில் இப்படி ஒரு வண்டி கிடைத்தால் விடுவார்களா? சினிமாவிலிருந்து அவர்கள் கதையைக் கொண்டுவரவில்லை, கண்ணைக் கொண்டுவந்தார்கள். சினிமாவிலிருந்து பூங்காவுக்கு எதை எடுத்து வரலாம் என்று ரசிகர்கள் இன்று போடும் சண்டைக்கு, என் அளவில் இதைவிட நல்ல பதில் இல்லை.

1966 டிசம்பர் 15 அன்று வால்ட் டிஸ்னி இறந்தார். எந்தச் சண்டையானாலும் கடைசி வார்த்தை சொல்ல ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. மேன்ஷன் அப்போது இரண்டு பெரிய கைகளுக்கு நடுவே இருந்தது. ஒருவர் மார்க் டேவிஸ். டிங்கர் பெல், மாலிஃபிசென்ட், குருயெல்லா டி வில் போன்ற பாத்திரங்களுக்கு உயிர் கொடுத்த அனிமேட்டர். அவர் வரைந்தால் ஒரே படத்தில் ஆளும் தெரியும், அவர் குணமும் தெரியும், சிரிப்பும் வரும். இன்னொருவர் கிளாட் கோட்ஸ். டிஸ்னி படங்களில் பின்னணி தீட்டியவர். ஆளே இல்லாத அறை, நீண்ட தாழ்வாரம், மூலையில் தேங்கும் நிழல், இவை அவர் சரக்கு. ஜனங்கள் சிரிக்க வர வேண்டும் என்றார் டேவிஸ். பேய் வீடு என்றால் அடிவயிறு கலங்க வேண்டாமா என்பது கோட்ஸ் பக்கம்.

இருவரையும் சேர்த்துக் கட்டும் வேலை எக்ஸ் அட்டென்சியோவுக்கு வந்தது. அவரும் அனிமேஷன்காரர்தான். பைரேட்ஸுக்கு வசனம் எழுதச் சொல்லி வால்ட் கேட்டபோது, அதற்கு முன் அப்படி எதையும் எழுதியிராதவர். மேன்ஷனுக்கு வசனமும், பட்டி பேக்கர் இசையமைத்த பாட்டுக்கு வரிகளும் எழுதினார். வீட்டை முதலில் கோட்ஸிடம் கொடுத்து, பின்பாதியை டேவிஸிடம் விட்ட மாதிரி அமைந்தது காட்சி வரிசை. முன்பாதியில் ஆவி ஒன்றும் முழுசாகத் தெரியாது. கதவு மூச்சு விடும். முடிவில்லாத தாழ்வாரத்தில் மெழுகுவர்த்தித் தாங்கி ஒன்று தானாக மிதக்கும். பிறகு ஓர் அறையில், படிகக் கோளத்துக்குள் லியோட்டா என்ற பெண்ணின் தலை மட்டும் பேசும்; ஆவிகளை அழைக்கும். அந்த அழைப்புக்குப் பிறகுதான் அவை கண்ணுக்குத் தெரிகின்றன. விருந்து, நடனம், கல்லறைத் தோட்டத்தில் பாட்டுக் கச்சேரி என்று கடைசிவரை ஒரே கும்மாளம்.

அதன் வித்தைகளில் இரண்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம்.

உள்ளே நுழைந்ததும் எட்டுப் பக்கச் சுவர் கொண்ட ஓர் அறை. சுவரில் நாலு ஓவியங்கள், டேவிஸ் வரைந்தவை. கையில் சிறு குடையோடு ஓர் இளம்பெண் நிற்கிறாள். அறை மெல்ல நீள ஆரம்பிக்கிறது, ஓவியமும் கூடவே நீள்கிறது. அவள் நிற்பது கயிற்றின் மேல் என்று தெரிகிறது; கயிற்றுக்கும் கீழே முதலை வாயைப் பிளந்திருக்கிறது. ஆனஹைமில் இந்த அறை உண்மையில் ஒரு லிஃப்ட். பூங்காவைச் சுற்றி மண்மேடும் அதன் மேல் ரயில் பாதையும் ஓடுகின்றன. மாளிகை இருக்கும் இடத்தில் இவ்வளவு பெரிய சவாரிக்கு இடமில்லை. அதனால் ஜனங்களைக் கீழே இறக்கி, ரயில் பாதைக்கு அடியில் ஒரு தாழ்வாரம் வழியாக நடத்தி, பூங்காவுக்கு வெளியே கட்டிய பெரிய கொட்டகைக்குள் கொண்டுபோகிறார்கள். இடப் பற்றாக்குறைக்குக் கண்ட வழியே ரசிகர்கள் மறக்காத காட்சியாகிவிட்டது. 1971இல் ஃப்ளோரிடாவில் இரண்டாவது மேன்ஷன் கட்டியபோது கீழே இறங்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அந்த அறையை விட மனசில்லாமல், தரையை அப்படியே வைத்து, கூரையை மேலே ஏற்றினார்கள்.

இன்னொன்று நடன மண்டபம். மேலிருந்து பார்க்கிறோம். கீழே நீண்ட விருந்து மேசை, ஆர்கன் பெட்டி, சரவிளக்கு, எல்லாம் நிஜம். நடுவில் ஜோடி ஜோடியாக ஆவிகள் சுழல்கின்றன, அவற்றின் வழியாகப் பின்னாலிருக்கும் நாற்காலி தெரிகிறது. 1862இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக் அரங்கில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையேற்றிய அதே பழைய வித்தை. நமக்கும் மண்டபத்துக்கும் நடுவே பிரம்மாண்டமான கண்ணாடி நிற்கிறது. ஆடும் பொம்மைகள் நம் கண்ணுக்கு மறைவான இருட்டில் இருக்கின்றன. அவற்றின் மேல் விளக்குப் பட்டால் பிம்பம் கண்ணாடியில் விழுந்து மண்டபத்துக்குள் நிற்பது போலத் தெரியும். விளக்கு அணைந்தால் ஆவி மறையும். கண்ணாடியில் விழும் பிம்பம் இடவலம் மாறும் என்பதால், ஜோடி நடனத்தில் ஆணை வழிநடத்துபவள் பெண்ணாக இருக்கிறாள். ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்து இன்றும் புதியவர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறார்கள்.

திறந்த ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 16 அன்று, ஒரே நாளில் 80,000 பேருக்கு மேல் டிஸ்னிலேண்டுக்கு வந்தார்கள். ஆறு வருட ஆவல் அது. வந்தவர்களில் சிலருக்குக் குழப்பம்: யார் வீடு இது? யார் செத்தார்? கதை என்ன? கதை கிடையாது. மார்க் டேவிஸே பிற்காலப் பேட்டிகளில், இந்த மாதிரிச் சவாரி கதை சொல்வதற்கான இடமில்லை, அனுபவத்துக்கான இடம் என்ற தன் கருத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் சொன்னதில் முழு உடன்பாடு. கதை இல்லாத இடத்தில் ரசிகர்கள் குடியேறினார்கள். வாசல் கல்லறைக் கல் ஒன்றில் யேல் கிரேசியைக் கௌரவிக்கும் விதமாக அவர் பெயரை மாஸ்டர் கிரேசி என்று பொறித்திருந்தார்கள். அவர்தான் வீட்டு எஜமான் என்று ரசிகர்கள் முடிவுகட்டினார்கள். 2003இல் வந்த திரைப்படத்தில் வீட்டுக்காரர் பெயரே கிரேசி ஆகிவிட்டது. வண்டியில் கூடவே ஏறிக்கொள்ளும் மூன்று ஆவிகளுக்கும் எஸ்ரா, ஃபினியஸ், கஸ் என்று பெயர் வைத்தது வடிவமைப்பாளர்கள் இல்லை. பூங்கா ஊழியர்களிடமும் ரசிகர்களிடமும் புழங்கிப் புழங்கி நிலைத்த பெயர்கள் அவை.

எல்லாவற்றிலும் பெரிய சண்டை தொப்பிப்பெட்டி ஆவியைப் பற்றியது. மேல்மாடிச் சாமான் அறையில் ஒரு கிழவன், ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் தொப்பிப் பெட்டி. கழுத்தின் மேலிருக்கும் தலை மறைந்து பெட்டிக்குள் தோன்ற வேண்டும். ஆனால் பொம்மை வண்டிக்கு மிக அருகில் இருந்தது, சுற்றியிருந்த வெளிச்சம் காட்டிக்கொடுத்தது, தலை முழுசாக மறையவே இல்லை. திறந்த கொஞ்ச நாளிலேயே கழற்றிவிட்டார்கள். 1969இல் வெளிவந்த கதை-பாட்டு இசைத்தட்டின் புத்தகத்திலும் விளம்பரப் படங்களிலும் மட்டும் அவன் தங்கிவிட்டான். அப்படி ஒருவன் அங்கே நின்றதே இல்லை என்று ஒரு கூட்டம், என் கண்ணால் பார்த்தேன் என்று இன்னொரு கூட்டம், பல பத்தாண்டுகள் வாதாடின. கடைசியில் நிறுவனமே இறங்கி வந்தது. 2015 மே மாதம், டிஸ்னிலேண்டின் அறுபதாம் ஆண்டையொட்டி, புதுத் தொழில்நுட்பத்தோடு அவன் ஆனஹைமில் மீண்டும் நின்றான். தலை இப்போது ஒழுங்காக மறைகிறது.

எல்லா மாற்றமும் அப்படி இனித்ததில்லை. அதே சாமான் அறையில் பெயரில்லாத ஒரு மணப்பெண் நின்றாள், இதயம் மட்டும் ஒளிர்ந்து துடிக்க. 2006இல் அவளுக்குக் கான்ஸ்டன்ஸ் என்று பெயர் சூட்டி, ஒருவர் பின் ஒருவராகக் கணவர்களைக் கோடரியால் தீர்த்தவள் என்று வரலாறும் எழுதினார்கள். தொழில்நுட்பம் அருமைதான். ஆனால் முன்பு ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு மணப்பெண் இருந்தாள். அந்தப் பெயர் வந்த பிறகு எல்லோருக்கும் ஒருத்திதான் என்றானது. அதோடு ஒப்பிட்டால், 2001 முதல் ஒவ்வொரு வருடக் கடைசியிலும் தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ் படத்தின் அலங்காரத்தை வீடு முழுக்கப் போர்த்துவது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. அது பண்டிகைக்குப் போடும் பந்தல், முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள்.

சினிமாப் பெயரைச் சார்ந்து போகிறவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. புது ரைடு என்பது பெரும் முதலீடு. தெரிந்த பெயரென்றால் முதல் நாளே கூட்டம் வரும். பைரேட்ஸ் விஷயத்தில் ரைடிலிருந்துதான் படம் பிறந்தது, 2006இல் அந்தப் படத்தின் ஜாக் ஸ்பாரோ ரைடுக்குள் திரும்பி வந்தார். ஜனங்கள் ரசிக்கவே செய்கிறார்கள். ஆனால் சொந்தக் கற்பனைக்குக் காலம் போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு ஹாங்காங்கைக் காட்டுவேன். 2013இல் அங்கே மிஸ்டிக் மேனர் திறந்தது. அந்த ஊர் நம்பிக்கையில் ஆவிகளுக்கு உள்ள இடம் வேறு என்பதால் பேயை விட்டுவிட்டார்கள். ஊர் சுற்றும் ஹென்றி மிஸ்டிக் பிரபு, அவர் வளர்க்கும் ஆல்பர்ட் என்ற குரங்கு, திறக்கக் கூடாத ஓர் இசைப்பெட்டி. அதைக் குரங்கு திறந்ததும் அருங்காட்சியகமே உயிர்பெறுகிறது. தண்டவாளம் இல்லாத வண்டி, டானி எல்ஃப்மன் இசை. எந்தப் படத்துக்கும் கடன்படாத ரைடு அது.

ஃப்ளோரிடாவில் மேன்ஷன் நின்ற நதிக்கரையே இப்போது இல்லை. 2025 ஜூலையில் அங்கே நதியையும் தீவையும் மூடிவிட்டார்கள், கார்ஸ் படத்தை வைத்துப் புதுப் பகுதி கட்டுவதற்காக. பேய் வீட்டுக்கு எதிரில் இருண்ட தண்ணீர் இருந்ததும் காட்சியின் ஒரு பகுதிதான். அதை இழப்பது பெரிய இழப்பு என்று வாதாடும் ரசிகர்களோடு நானும் நிற்கிறேன்.

அதற்கு முன்பே அங்கே ஒரு சண்டை மூண்டிருந்தது. 2023 நவம்பரில் ஃப்ளோரிடா மேன்ஷனுக்கும் தொப்பிப்பெட்டி ஆவியைக் கொண்டுவந்தார்கள். நல்ல செய்திதான், ஆனால் நிறுத்தியது முடிவில்லாத தாழ்வாரத்துக்குப் பக்கத்தில். ரசிகர்கள் கொதித்தார்கள். லியோட்டா இன்னும் அழைக்கவே இல்லையே, அதற்குள் ஓர் ஆவி எப்படி முழு உருவத்தில் நிற்கலாம் என்பது அவர்கள் கேள்வி. அற்ப விஷயமாகத் தோன்றலாம். கோட்ஸின் பாதி எங்கே முடிகிறது, டேவிஸின் பாதி எங்கே தொடங்குகிறது என்பதை ஐம்பது வருடத்துக்கு மேலாக ஏறி இறங்கி உடம்பால் கற்றவர்களின் கேள்வி அது. என் ஓட்டு அவர்களுக்குத்தான். அந்தப் பொம்மையைத் தாழ்வாரத்திலிருந்து கழற்றி, மணப்பெண் இருக்கும் சாமான் அறைக்கு மாற்ற வேண்டும்.